கண்ணாடி மேல் காய்ந்த வடகம்

ஏப்ரல் 5, ஞாயிறு

மூத்த பேரன் பிரகதீஷ் கனடாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீடர். போன மாதம் சொந்த வீட்டில் பால் காய்ச்சினான். அவன் தங்கை ஹரிணி கோயமுத்தூரில் குழந்தைகள் டாக்டர், படிக்கும்போதே தங்க மெடல். மகள் வயிற்றுப் பேரன் சஞ்சித் பிளஸ் டூவில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தான், இப்போது சென்னையில் விமானப் படிப்பு. அவன் தங்கை தியா செஸ் ஆடப் போய் டெல்லி, பூனா எல்லாம் பார்த்துவிட்டாள். எனக்கு அந்த வயதில் குளித்தலை தாண்டத் தெரியாது.

எழுத ஆரம்பிக்கும்போது நல்லதை முதலில் எழுத வேண்டும் என்று இதை எழுதினேன். டைரி பாத்திரக்கடையில் கொடுத்தது. நான் பாவாயம்மாள், கரூர், வயது எழுபத்திரண்டு. அஞ்சாவது வரை படித்தேன். ஆறாவதுக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

சின்ன மகன் பொன்னுசாமி லாரி ஓட்டுகிறான். நாக்பூர், இந்தூர் என்று கிளம்பினால் இருபது நாள் ஆளைப் பார்க்க முடியாது. அவன் பெண்டாட்டி இறந்து பத்து வருடம் ஆகிறது. அவன் மகள் மைதிலி என்னோடு இருக்கிறாள். அவளும் வேலைக்குப் போகிறாள்.

ஏப்ரல் 8, புதன்

வெயில் என்றால் வெயில். காலை பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொதிக்கிறது. குளிக்க வாளியில் பிடித்து ஆற வைக்க வேண்டியிருக்கிறது.

மைதிலிக்கு இந்த மாதமும் நைட் டூட்டி. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். காலை எட்டரைக்கு வருவாள், இரண்டு தோசை தின்பாள், படுப்பாள். பத்து மணிக்கெல்லாம் தலைக்கு மேல் கான்கிரீட் காய்ந்து இறங்கிவிடுகிறது. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு புரள்கிறாள். அரைமணியில் துண்டு காய்ந்துவிடும், எழுந்து நனைப்பாள். இன்று ஏழு தடவை குழாய்ச் சத்தம் கேட்டது. நானும் எத்தனை தரம்தான் எழுந்து எழுந்து பார்ப்பது.

ஏசி வாங்கிவிட்டாளாம், வெள்ளிக்கிழமை வந்து மாட்டுவார்களாம். வெயிலிலேயே ஓடுகிற ஏசி. எந்த மாதிரி வாங்க வேண்டும் என்று பிரகதீஷ்தான் கனடாவிலிருந்து பார்த்துச் சொன்னான். அப்படிப் பார்த்தால் அது அவன் அனுப்பியது மாதிரிதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஏசி மாட்டியாகிவிட்டது. ஆனால் என் சுவர் போய்விட்டது.

வீட்டில் இருப்பதே ஒரு ஹால், ஒரு அறை. அறையில் மேற்குச் சுவரில்தான் பேரன் பேத்திகளின் போட்டோ வரிசையாக இருந்தது. கருப்பு அங்கியும் தொப்பியுமாக பிரகதீஷ், மெடலோடு ஹரிணி, சஞ்சித், தியா. கடைசியில் மைதிலி. அவளுடையது பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ, மூன்றாவது வரிசை, பாதி முகம் முன்னால் நிற்கிற பெண்ணின் ரிப்பனுக்குப் பின்னால். மாட்ட வந்த ரியாஸ் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்கதான் வரும் ஆத்தா, வெளிய மெசின் வைக்கத் தோதா இருக்கு" என்றான்.

"எதிர்ச் சுவத்துல மாட்டுப்பா. இது பெரிய படிப்புப் படிச்ச புள்ளைங்க இருக்கற இடம்."

"எதிர்ச் சுவத்துக்கு அக்கட்டால பக்கத்து வீட்டுச் சமையக்கட்டு. அவங்க மூஞ்சில அனல் அடிச்சா உங்களைச் சும்மா விடுவாங்களா?"

பக்கத்து வீடு தங்காயி. சும்மா விடமாட்டாள். ஐந்து போட்டோவையும் நானே கழற்றி பீரோ மேல் அடுக்கினேன். ஐந்து ஆணியில் நான்கைப் பிடுங்கினான். ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் ஏசிக்குத் தள்ளி நிற்கிறது.

மொட்டை மாடியில் நான்கு பேனல். கரும்பலகை அளவு, மேலே கண்ணாடி, தெற்கே பார்த்துச் சாய்த்து வைத்திருக்கிறான்.

"பகல்ல கரண்ட்டே தொடாது ஆத்தா. வெயில் ஏற ஏற உள்ள குளுரும்."

"கரண்ட்டுல ஓடாதா?"

"ஓடும், அதுக்கும் வசதி இருக்குது. உங்க வீட்டு லைனு பழசு, இழுக்காது. ஈ.பி.ல லோடு ஏத்திக் குடுக்கட்டும், வந்து சேத்து விடறேன். அதுவரைக்கும் சூரியன்தான். மேகம் வந்தா கொஞ்சம் மெதுவாகும். மேல நிழல் மட்டும் விழாமப் பாத்துக்குங்க."

நல்ல காரியம் என்று சந்தனம் குங்குமம் வைக்கப் போனேன். "சட்டத்துல வைங்க ஆத்தா, கண்ணாடில வேண்டாம்" என்றான். சட்டத்தில் வைத்தேன். சொன்னால் கேட்பவள்தான் நான்.

தங்காயி பார்க்க வந்தாள். கனடாப் பேரன் ஏற்பாடு என்றேன்.

"ஏனுங்கக்கா, கனடாவுல இருந்தா வந்துச்சு? வண்டியில கோவை ரோட்டுக் கடைப் பேரு போட்டிருந்துச்சே?"

இவளுக்கு வேறு வேலை கிடையாது.

ஏப்ரல் 11, சனி

மைதிலி ஒன்பதரைக்குப் படுத்தவள் மூன்று மணிக்கு எழுந்தாள். நடுவில் குழாய்ச் சத்தமே கேட்கவில்லை. செத்துக்கித்துப் போய்விட்டாளோ என்று இரண்டு தடவை மூக்குக்கிட்டே விரல் வைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 15, புதன்

மூத்த மருமகள் விமலா போன் செய்தாள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி கனடா போகிறாள், மகனோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவாள்.

"அத்தை, பிரகதீஷ் உங்க கூழ் வடகத்தையே கேக்கறான். அங்க கடையில வாங்கறது ரப்பர் மாதிரி இருக்குதாம். செஞ்சு குடுங்க, கொண்டு போறேன்."

பேரன் கேட்டுவிட்டான். ஒருவனுக்குச் செய்தால் மற்றவர்களுக்கு? ஹரிணிக்கு, சஞ்சித்துக்கு, தியாவுக்கு என்று நான்கு டப்பாவாவது வேண்டும். பச்சரிசி ஊறப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

இடம் எங்கே இருக்கிறது? மாடியில் மேற்கே தண்ணீர்த் தொட்டி. கிழக்கே தங்காயி மகன் கட்டிய மூன்று மாடி, பதினொரு மணி வரை அதன் நிழல். நல்ல வெயில் விழுகிற இடம் முழுவதையும் நான்கு கண்ணாடியும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மாடியில் நான்கு சுற்றுச் சுற்றி வந்தேன். கால் சுட்டதுதான் மிச்சம்.

ஏப்ரல் 17, வெள்ளி

விடியற்காலையில் கூழ் கிண்டி, பழைய வேட்டியை நனைத்து, கண்ணாடி மேலேயே விரித்துவிட்டேன். ஈரத்துணி கண்ணாடியில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. சரியாமல் இருக்க நான்கு மூலையிலும் துணி கிளிப். கரண்டி கரண்டியாக இட்டேன். நாய் ஏறாது, மண் படாது. சாயங்காலம் துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரித்தால் கலகலவென்று கழன்று வருகிறது. தரையில் போட்டால் இரண்டு நாள் ஆகும், இது ஒரே நாள்! விமானப் படிப்புப் படிக்கிற பேரனுக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது.

ஏப்ரல் 18, சனி

இன்று மூன்று கண்ணாடிக்குத் துணி போட்டேன். பதினொரு மணிக்கு மேலே போனால், ஒரு துணியைக் காற்று தூக்கிப் போட்டிருக்கிறது. ஒரு வடகம்கூட இன்னொன்றோடு ஒட்டாமல், கைப்பிடிச்சுவர் ஓரம் விரித்தபடியே கிடந்தது. கிளிப் நான்கும் பக்கத்தில் வரிசையாக இருந்தன.

திரும்ப எடுத்துப் போட்டேன். காற்று என்றுதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ஏசி சரியில்லை. காலையில் கொஞ்ச நேரம் குளிர்கிறது, அப்புறம் வெறும் காற்று. மைதிலி பழையபடி துண்டை நனைக்கிறாள். ரியாசுக்குப் போன் செய்தேன்.

"பத்து நாள்ல பல்லைக் காட்டிருச்சப்பா உன்ற மெசின்."

"ஆத்தா, கண்ணாடி மேல தூசி கீசி இருக்குதா? துடைச்சீங்களா?"

"தூசியா? என்ற வீட்டு மாடியில வந்து சோறு போட்டுத் தின்னலாம், பாக்கறயா?"

"சரிங்க ஆத்தா, கோவிச்சுக்காதீங்க. சீசன், பத்து வீடு பாக்கி கெடக்குது. வெள்ளிக்கிழமை, இல்லீன்னா அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடறேன்."

பொருளை விற்கிற வரைதான் ஓடி வருவார்கள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

நான்கு கண்ணாடிக்கும் துணி. இன்று காற்று இல்லை.

ஏப்ரல் 22, புதன்

மைதிலி மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். சாப்பிடும்போது கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "கண்ணு" என்றேன். "ம்" என்றாள். அப்புறம் தின்றாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

ரியாஸ் வரவில்லை.

மைதிலி வேலைக்குக் கிளம்பும்முன் வாசலில் நின்று கூட வேலை செய்கிற பெண்ணோடு போனில் பேசினாள். நான் சன்னலோரம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"ரெண்டு தடவ படிச்சேன்டி, ரெண்டு தடவயும் தப்பாத்தான் படிச்சிருக்கேன். நீ மட்டும் அந்தப் பாட்டிலைப் பிடுங்கலைன்னா அந்தப் பெரியவரு உடம்புக்குள்ள வேற மருந்து போயிருக்கும். இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லிட்டாங்க, இன்னொரு தடவ இப்படின்னா வேலைக்கு வர வேண்டாம்னு. அதுகூடப் பரவால்லடி. அந்தப் பெரியவரு என்னையப் பாத்து, தேங்க்ஸ் பாப்பாங்கறாரு."

கீரையில் பழுத்த இலையையும் சேர்த்து உருவிவிட்டேன். திரும்ப உட்கார்ந்து பொறுக்கினேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினேன். பிரகதீஷ், ஹரிணி, சஞ்சித், தியா. எழுத்து மணிமணியாக வந்தது. நான்கிலும் அடியில் கொஞ்சம் கொஞ்சம்தான் சேர்ந்திருக்கிறது, விமலா கிளம்பும்வரை போட்டால் நிறையும்.

மைதிலி எழுந்து வந்து டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அழகா எழுதியிருக்கீங்க அப்பத்தா" என்றாள். கண்ணுக்குக் கீழே மையைத் தேய்த்துவிட்ட மாதிரி கருப்பு. அவள் பெயரில் டப்பா இல்லை. வீட்டிலேயே இருப்பவளுக்கு டப்பா எதற்கு?

மேகம் வந்தால் மெதுவாகும் என்று ரியாஸ் சொன்னான். பத்து நாளாக வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வடகம் மேகமா? இத்தனூண்டு வடகம். துணிகூட மெல்லிசு வேட்டிதான்.

எனக்கு இன்று இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று எழுத்து நேராக நிற்கவில்லை. கோணல் மாணலாக வந்தாலும் வரட்டும்.

காலையில் எட்டே முக்கால் ஆகியும் மைதிலி வரவில்லை. ஒன்பதுக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. டீக்கடைக்காரர் ஒருவர் அவளைக் கைபிடித்து இறக்கினார். முழங்கை, முழங்கால், தாடை எல்லாம் சிராய்ப்பு, துணி முழுக்க மணல்.

"பாலத்து எறக்கத்துல வண்டி அதுபாட்டுக்கு ஓரமாப் போகுதுங்க, புள்ள கண்ணை மூடிட்டு உக்காந்திருக்குது. நல்லவேளை, ரோடு போடக் கொட்டுன மணல்ல போய் விழுந்துச்சு. ஒரு பத்தடி தள்ளியிருந்தா லாரி வர்ற வழி."

அவர் போனதும் மைதிலி, "கல்லு தடுக்கிருச்சுங்க அப்பத்தா" என்றாள்.

"ஆமா கண்ணு, கல்லுதான்" என்றேன்.

அவளே மருந்து போட்டுக்கொண்டு படுத்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனேன். மணி பதினொன்றரை இருக்கும். செருப்புப் போட மறந்துவிட்டேன், பாதி மாடி போன பிறகுதான் தெரிந்தது. விடியற்காலையில் விரித்த துணி நான்கும் பாதி காய்ந்து வெள்ளை வெளேரென்று கிடந்தன. வெளி மெசின் ஓரத்தில் முனகிக்கொண்டிருந்தது, சளி பிடித்த பிள்ளை மாதிரி.

முதல் துணியின் கிளிப்பை எடுத்தேன். சத்தத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டாவதை உருவினேன். மூன்றாவதை உருவும்போதே முனகல் நின்று சீராக ஒரு சத்தம் வந்தது. நான்காவதை வடகத்தோடு சுருட்டித் தரையில் போட்டேன். மெசின் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அதன் அனல் என் புடவையைத் தூக்கிற்று.

கண்ணாடியில் மாவு திட்டுத் திட்டாக இருந்தது. முந்தானையை நனைத்து நான்கையும் துடைத்தேன். சூட்டில் உள்ளங்கை வெந்துவிட்டது. வேகட்டும்.

கீழே வந்து அறைக்கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். குளிர் என் காலைத்தான் முதலில் தொட்டது.

நாலரைக்கு எழுந்தாள். "இன்னைக்கு நல்லாக் குளுந்துச்சுங்க அப்பத்தா."

"அந்த ரியாசு போன்லயே என்னமோ சொன்னான், சரி பண்ணீட்டேன்" என்றேன். வாயில் வந்துவிட்டது. இங்கே எழுதும்போது அப்படி எழுத வரவில்லை.

ஏப்ரல் 29, புதன்

அவளுக்கு மூன்று நாள் லீவு. தூங்குகிறாள். சுருட்டிப் போட்ட வடகமெல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிட்டது. அண்டாவில் இருந்த பச்சைக் கூழைத் தங்காயிக்கும் கொடுத்து நானும் குடித்தேன். "பேரனுக்குன்னீங்க, எனக்கு ஊத்தறீங்க?" என்றாள். உப்பு பத்தவில்லை என்றும் சொன்னாள்.

மே 1, வெள்ளி

கூப்பிட்டபோது வராதவன் இன்று வந்து நின்றான். மைதிலி வேறு ஹாலில் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் சரியாயிருச்சுப்பா, நீ போ" என்றேன்.

"வந்தது வந்துட்டேன், மேல ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன் ஆத்தா."

போனவன் ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தான். உள்ளங்கையை விரித்தான். சட்டத்து இடுக்கில் சிக்கிய ஒரு வடகம், நல்ல மொறுமொறு என்று காய்ந்தது.

"நானும் ஆறு வருசமா மாட்டறேன் ஆத்தா. காக்கா எச்சம் பாத்திருக்கேன், பட்டம் விழுந்து பாத்திருக்கேன். வடகம் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

நான் மைதிலியைப் பார்க்கவில்லை. சீப்புச் சத்தம் நின்றது மட்டும் தெரிந்தது.

"நான்தான் போட்டேன்" என்றேன். "பத்து நாளு போட்டேன். நாலு கண்ணாடிக்கும் போட்டேன்."

"பேனலுக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்று சொல்லி அந்த வடகத்தை வாயில் போட்டுக்கொண்டான். "காரம் கரெக்டா இருக்குது."

அவன் போன பிறகு மைதிலி பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

"எனக்குத் தெரியுமுங்க அப்பத்தா. ரெண்டாம் நாளே பாத்தேன்."

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? துணியை எடுத்து ஓரமா வெக்கத் தெரியுது, சொல்லத் தெரியலியா?"

"நீங்க திரும்ப எடுத்துப் போட்டுட்டீங்களே."

"அதுக்கு?"

"பிரகதீஷ் அண்ணன் கேட்டுச்சுன்னு வெடியால நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாட்டுப் பாடிட்டே கூழ் கிண்டுனீங்க. ரெண்டு வாரம் பொறுத்துக்கலாம்னு நெனச்சேன். முடியல."

நான் பாட்டுப் பாடினேனா, எனக்கு ஞாபகமே இல்லை.

"போடி கூறுகெட்டவளே" என்றுதான் சொல்ல வந்தது. அவள் சிரித்தாள். தாடையில் காய்ந்த பொருக்கு வலித்திருக்கும், கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மே 4, திங்கள்

இன்று கத்திரி வெயில் ஆரம்பம். விமலா வந்தாள்.

"என்ன அத்தை, ஒரே ஒரு டப்பாதானா? அதுவும் முக்கால் டப்பா?"

"அவ்வளவுதான் காஞ்சுது."

"இந்த வெயில்லயா காயல?"

"வெயில் வேற வேலையா இருந்துச்சு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மைதிலி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மற்ற மூன்று டப்பாக்களில் இருந்ததையும் அதில்தான் கொட்டி முக்கால் டப்பா ஆக்கியிருந்தேன். ஹரிணிக்கும் சஞ்சித்துக்கும் தியாவுக்கும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், அங்கேயெல்லாம் கடை இருக்கிறது.

விமலா திரும்பி வரும்வரை நான் கோயமுத்தூர் போய் நல்லசாமிக்குச் சமைத்துப் போட வேண்டுமாம். மூத்த மகன்தான், ஆனால் ஒரு வெந்நீர் வைக்கத் தெரியாது. மைதிலியைத் தனியாக விட்டுவிட்டா என்று யோசித்தேன். "போங்க அப்பத்தா, நீங்க இல்லைன்னா மூக்குல வெரல் வெக்க ஆளிருக்காது, இன்னும் நல்லாத் தூங்குவேன்" என்கிறாள். முழித்துக்கொண்டுதான் கிடந்தாளா அன்றைக்கு!

மே 14, வியாழன்

கோயமுத்தூர் வந்து எட்டு நாள். இங்கே மூன்று அறைக்கும் ஏசி. எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பத்து மணியானால் அங்கே மாடியில் வெயில் விழுந்திருக்குமா, தங்காயி துணிகிணி காயப் போட்டு நிழல் கட்டியிருப்பாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போன் செய்யலாம் என்றால் தூங்குகிற பிள்ளையை எழுப்பியது மாதிரி ஆகிவிடும். எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறேன். தங்காயிக்குச் செய்தேன்.

"ஏனுங்கக்கா, உங்க பேத்தி தூங்கறாளான்னு பாக்க நான் என்ன வாட்ச்மேனா? மெசின் ஓடுது, கதவு சாத்தியிருக்குது. பொழுதோட பாத்தேன், மூஞ்சி தெளிச்சியாத்தான் இருக்குது."

நாளைக்கு ஹரிணி வந்து போஸ்ட் ஆபீசுக்குக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறாள். இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதிப் போட வேண்டும். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாள். என்ன எழுத வேண்டும் என்று இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணு மைதிலிக்கு அப்பத்தா எழுதுவது. நான் இங்கு சுகம். ஏசிக்கு ஓரத்தில் ஒரு ஆணி மிச்சம் இருக்கிறது, அதில் துண்டு கிண்டு மாட்டி வைக்காதே. பீரோ மேல் இருக்கிற மற்ற போட்டோவெல்லாம் இடம் கிடைக்கும்போது மாட்டிக்கொள்ளலாம், அவசரமில்லை. உன்னுடைய பத்தாம் வகுப்புப் போட்டோ எனக்கு வேண்டாம், அதில் ரிப்பன்தான் தெரிகிறது. ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, உன் நர்ஸ் உடுப்பைப் போட்டு, ஸ்டுடியோவுக்குப் போய் நீ மட்டும் தனியாக நின்று எடு. தாடையில் தழும்பு இருந்தால் இருக்கட்டும், கண்ணுக்குக் கீழே கருப்பு மட்டும் இருக்கக் கூடாது. போனில் அனுப்பாதே, போனை ஆணியில் மாட்ட முடியாது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, முனை மடங்காமல் அட்டை வைத்து, இந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பு. சட்டம் நான் இங்கேயே போட்டு எடுத்து வருகிறேன்.